நெல்லைச் சீமையில் இயற்பியல் ஆய்வுக்கூடப் பணி: சேர்வதும் தேறுவதும்

இயற்பியல் துறைக்குப் புதிதாக வரும் ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்) நாலைந்து வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேராசிரியரின் திட்டப்பணிக்கு மூன்று வருட நிதி வரும், தீரும். அதற்குப் பிறகும் அறையில் கிடப்பவை கருவிகள். அவற்றை ஓட வைப்பவரைத்தான் தொழில்நுட்பப் பணியாளர் என்கிறோம். டெக்னீஷியன், டெக்னிக்கல் அசிஸ்டென்ட், மெக்கானிக், லேப் அசிஸ்டென்ட் என்று ஆணையில் பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்று தினமும் சந்தேகப்படுவது.

ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.எஸ்ஸி. முடித்து இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஏதாவது ஒரு துறையில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கும் இது. முதலிலேயே ஒரு யோசனை. எல்லாக் கருவியிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்கு மதிப்பு மெதுவாகத்தான் வரும். வேக்குவம் (வெற்றிடம்), குளிர், எக்ஸ்-ரே, எலெக்ட்ரானிக்ஸ் இவற்றில் ஏதாவது ஒன்றை ஆழமாகப் பிடியுங்கள். “வேக்குவம் பிரச்சினையா, அண்ணாச்சியைக் கூப்பிடு” என்று பக்கத்துத் துறையிலிருந்தும் ஆள் வரவேண்டும். செய்ததையெல்லாம் எழுதியும் வையுங்கள். நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

எந்த வாசல் வழியாக

பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடங்கள் அபூர்வமாகத்தான் நிரப்பப்படுகின்றன. அபிஷேகப்பட்டியில் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளோ, திட்டப்பணியாளராக நுழைவதே நடைமுறை வழி. அங்கே இரண்டு மூன்று வருடம் கை பழகிவிட்டு, மத்திய அரசு ஆய்வு நிலையங்களின் அறிவிப்புகளுக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். அதற்கு நெல்லைக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம், கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். காரைக்குடியில் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மலையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ மையங்கள், விதுராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசர்.

தகுதியும் சம்பளமும் இப்படி இருக்கும். சி.எஸ்.ஐ.ஆர். டெக்னீஷியனுக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியலோடு 55 சதவீதமும் ஐ.டி.ஐ. சான்றிதழும் வேண்டும், அடிப்படை ஊதியம் 19,900 ரூபாயில் தொடங்கும். டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டுக்கு முதல் வகுப்பு டிப்ளமோ அல்லது பி.எஸ்ஸி.; 35,400 ரூபாய். இரண்டுக்கும் பொதுப் பிரிவு வயது வரம்பு 28, அதனால் “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள். இஸ்ரோவில் டெக்னீஷியன்-பி 21,700 ரூபாயிலும், டெக்னிக்கல் அசிஸ்டென்ட், சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் 44,900 ரூபாயிலும் தொடங்கும். அணுசக்தித் துறையில் ‘ஸ்டைபண்டரி ட்ரெயினி’ என்ற பெயரில் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துவார்கள்.

ஐ.டி.ஐ.-யில் எந்த டிரேடு எடுக்கலாம் என்று கேட்டால் ஃபிட்டர், எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் என்று எல்லாரும் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் யாரும் யோசிக்காத ஒன்று, ஏ.சி. – ரெஃப்ரிஜரேஷன் டிரேடு. எக்ஸ்-ரே கருவி, லேசர், டிஃப்யூஷன் பம்ப், டர்போ பம்ப் எல்லாவற்றுக்கும் பின்னால், தண்ணீரைக் குளிர்வித்துச் சுற்றவிடும் ஒரு சில்லர் நிற்கிறது. கருவி நிற்கும் நாட்களில் பாதி, சில்லர் நின்ற நாட்களாக இருக்கும். சில்லரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் இயற்பியல் துறையில் இருப்பது அபூர்வம்.

பட்டம், டிப்ளமோ முடித்த கையோடு ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி செய்துவிடுவது நல்லது. மகேந்திரகிரியிலேயே எடுக்கிறார்கள். வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஒரு வால்வை யார், எந்த வரிசையில், யாரிடம் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கு கையில் ஊறிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் அது கிடைக்காது.

முதல் மூன்று மாதம்: கருவியைத் தொடாதீர்கள்

சேர்ந்ததும் பெரிய கருவியின் முன்னால் போய் உட்கார ஆசை வரும். அதற்கு முன்பு அந்தக் கருவிக்கு வந்து சேரும் மூன்றைப் பாருங்கள்: கரண்ட், எர்த், தண்ணீர். நெல்லைப் பக்கத்தில் கருவிகள் சாவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான்.

எர்த்தில் தொடங்குங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கருவி மாட்டும் சாக்கெட்டிலேயே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 5, 10 என்று காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கலாம். நம் ஊர் பாறையும் செம்மண்ணும் கலந்த நிலம். சித்திரை, வைகாசியில் குழி வறண்டு எர்த் மின்தடை ஏறும். ஆய்வகத்துக்கான எர்த் 5 ஓமுக்குள் இருக்கவேண்டும், 1 ஓமை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. கோடையில் வாரம் இருமுறை குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் ஊற்றமாட்டார்கள். மைக்ரோவோல்ட் அளக்கும் கருவியில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தால் ஸ்காலர் மென்பொருளில் வடிகட்டப் பார்ப்பார். நீங்கள் எர்த்தைப் பாருங்கள்.

அடுத்து மூன்று ஃபேஸ். வெளியே ஈ.பி. லைனில் வேலை நடந்த மறுநாள், ஃபேஸ் வரிசை மாறி வந்திருக்கக்கூடும். ரோட்டரி பம்ப் பின்பக்கமாகச் சுற்றினால் காற்றை இழுக்காமல் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும். அது சேம்பர் (வெற்றிடமாக்கும் கலம்) வரை போனால் சுத்தம் செய்ய ஒரு வாரம். இதற்கு மருந்து வயல்காட்டு மோட்டார் ரூமிலேயே இருக்கிறது: ஃபேஸ் போனாலும் மாறினாலும் மோட்டாரை நிறுத்துகிற ‘ப்ரிவென்டர்’. பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயி மாட்டியிருப்பதை ஆய்வகத்தில் பல இடங்களில் மாட்டியிருக்கமாட்டார்கள்.

தண்ணீர். போர் தண்ணீரை நேராகக் கருவியின் குளிர்விப்புக் குழாயில் விடாதீர்கள். உப்பு படிந்து செப்புக் குழாயின் உள்விட்டம் சுருங்கும், ஓட்டம் குறையும், தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் அடிக்கடி கருவியை நிறுத்தும், எரிச்சலில் யாரோ அந்த ஸ்விட்ச்சை ஷார்ட் செய்வார்கள், அன்றோடு கருவி போயிற்று. மூடிய சுற்றில் டிஸ்டில்டு வாட்டர் ஓடும் சில்லர்தான் வழி. அந்தத் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள். ஆடிக் காற்றில் வரும் புழுதி சில்லரின் கண்டென்சர் துடுப்புகளை அடைத்துவிடும். ஆனி முதல் புரட்டாசி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ப்ளோயரால் ஊதிவிட்டால் கம்ப்ரஸர் தப்பிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிரி ஈரம். அகச்சிவப்பு ஒளியால் பொருளை ஆராயும் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்குள் ஒளிக்கற்றையைப் பிரிக்கும் பீம்ஸ்ப்ளிட்டர் பொட்டாசியம் புரோமைடு. காற்றின் ஈரத்தைக் குடித்து மங்கிவிடும், மாற்றுவதற்குப் பெரிய செலவு. சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனதும் மாற்றுங்கள். பழையதை 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். இந்தக் கருவியை இரவில் அணைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய சூடுதான் ஈரத்தை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. “கரண்ட் மிச்சம்” என்று அணைத்துவிட்டுப் போகும் நல்லவரிடமிருந்து அதைக் காப்பாற்ற, ஸ்விட்ச் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

வேக்குவம்: சோறு போடும் கலை

ஒன்றைத்தான் ஆழமாகக் கற்கமுடியும் என்றால் வேக்குவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய படலம், சூரியமின்கலம், குளிர்நிலை அளவீடு, எலெக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் அது அடித்தளம். மகேந்திரகிரியிலும் கல்பாக்கத்திலும் இதே அறிவுக்கு வேலை உண்டு.

கல்லூரிகளில் அதிகம் காண்பது, முதலில் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்ப்பும் அதற்குமேல் ஆழமாக இறக்கும் எண்ணெய் டிஃப்யூஷன் பம்ப்பும் சேர்ந்த, மெல்லிய படலம் பூசும் கோட்டிங் யூனிட். அதை ஓட்டும் வரிசை மனப்பாடமாக வேண்டும். முதலில் தண்ணீர். பிறகு ரோட்டரி. ரோட்டரிக்கும் டிஃப்யூஷன் பம்ப்புக்கும் நடுவே உள்ள பேக்கிங் வால்வைத் திறந்து, டிஃப்யூஷன் பம்ப்புக்குள் 0.05 மில்லிபார் வந்தபின் ஹீட்டரைப் போடுங்கள். எண்ணெய் கொதித்து ஆவித்தாரை உருவாக அரை மணி நேரம் ஆகும். இதற்கிடையே பேக்கிங்கை மூடி, ரோட்டரியை நேரே சேம்பரோடு இணைக்கும் ரஃபிங் வால்வைத் திறந்து சேம்பரை 0.05 மில்லிபாருக்கு இறக்குங்கள். ரஃபிங்கை மூடி, பேக்கிங்கைத் திறந்து, கடைசியாக, சேம்பரை டிஃப்யூஷன் பம்ப்போடு இணைக்கும் ஹைவேக்குவம் வால்வை மெதுவாகத் திறங்கள். ரஃபிங்கும் ஹைவேக்குவமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் பென்னிங் கேஜை 10⁻³ மில்லிபாருக்குக் கீழே போனபின் போடுங்கள். முன்னதாகப் போட்டால் அழுக்கேறி, பிறகு பொய் சொல்லும்.

நிறுத்தும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. மாலை ஐந்து மணி, ஊருக்குப் போகும் பஸ் நினைப்பு. ஹைவேக்குவம் வால்வை மூடி, ஹீட்டரை அணைத்து, பம்ப் தொட்டுப் பார்க்கும் சூட்டுக்கு வரும்வரை ரோட்டரியும் தண்ணீரும் ஓடவேண்டும்; குறைந்தது 30 முதல் 45 நிமிடம். அதன்பின் பேக்கிங்கை மூடி, ரோட்டரியை நிறுத்தி, உடனே ரோட்டரியின் வாய்க்குக் காற்று விடுங்கள். காற்று விடாவிட்டால் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். சூடான டிஃப்யூஷன் எண்ணெய்மேல் காற்று பட்டால் அது கருகித் தார்போல் ஆகும்; பம்ப்பைக் கழற்றிக் கழுவவேண்டியதுதான். அதனால் நிறுத்த ஒரு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டு, நாலு மணிக்குமேல் புதிய கோட்டிங் தொடங்க அனுமதிக்காதீர்கள். ஸ்காலர் கெஞ்சுவார், வாரத்துக்கு ஒருவர் கெஞ்சுவார்.

நடுவில் கரண்ட் போனால் முதலில் கை போகவேண்டிய இடம் ஹைவேக்குவம் வால்வு, அடுத்து பேக்கிங் வால்வு. இரண்டையும் மூடி, ஹீட்டர் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் தானாகச் சூடேறக்கூடாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பம்ப்பின் குளிர்சுருளுக்கு ஒரு தனி குழாய் போட்டு வைத்தால், அந்த நேரத்தில் புவியீர்ப்பே தண்ணீர் ஊற்றும். அவசரத்துக்கு மட்டும் என்பதால் போர் தண்ணீர் பரவாயில்லை.

“வேக்குவம் இறங்கவில்லை” என்ற புகார் வந்தால் உடனே எல்லாத் திருகையும் இறுக்கக்கூடாது. அளந்து பாருங்கள். சேம்பரை 0.05 மில்லிபாருக்கு இறக்கி எல்லா வால்வையும் மூடி, நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை எழுதி வரைபடம் போடுங்கள். நேர்கோடாக ஏறினால் உண்மையான லீக். வேகமாக ஏறி, வளைந்து படுத்துவிட்டால் உள்ளே ஈரமோ எண்ணெயோ ஆவியாகிறது. லீக் தேடி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம், கழுவிச் சூடேற்றுங்கள்.

ஒரு கணக்கு. 30 லிட்டர் மணிஜாடியில் (மணி வடிவக் கண்ணாடி சேம்பர்) 10 நிமிடத்தில் 0.01 மில்லிபார் ஏறினால், லீக்கின் அளவு 30 × 0.01 ÷ 600, அதாவது நொடிக்கு 5 × 10⁻⁴ மில்லிபார்-லிட்டர். பம்ப் நொடிக்கு 300 லிட்டர் இழுக்கிறது என்றால் அந்த லீக் இருந்தும் 2 × 10⁻⁶ மில்லிபார் வரை இறங்கமுடியும். ஆனால் கேஜ் 10⁻⁴-லேயே நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி லீக் இல்லை. பம்ப்பின் எண்ணெய், ஹீட்டர், அல்லது கேஜ். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பேராசிரியர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

லீக் உண்மைதான் என்றால், ஹீலியம் டிடெக்டர் இருந்தால் மேலிருந்து கீழே ஊதிக்கொண்டு வாருங்கள். ஹீலியம் லேசானது, கீழிருந்து தொடங்கினால் மேலே ஏறி வேறு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இல்லாதவர்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துளித்துளியாகச் சந்தேகப்படும் இணைப்பில் விட்டு, அழுத்தத்தைக் காட்டும் பிரானி கேஜைப் பார்க்கலாம். முள் துள்ளினால் அங்கேதான். அசிட்டோன் வேண்டாம், அது ‘விட்டான்’ என்ற ரப்பரில் செய்த ஓ-ரிங்கை (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்) ஊதவைக்கும்.

ஓ-ரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பேரிங் கடையில் கிடைக்கும் கறுப்பு ஓ-ரிங் பெரும்பாலும் நைட்ரைல். 100 டிகிரி வரை தாங்கும். சூடேறும் இடத்துக்கு விட்டான் வாங்குங்கள், 200 டிகிரி வரை போகலாம். வேக்குவம் கிரீஸை விரலால் பூசி, துணியால் துடைத்து, ‘பளபளப்பு மட்டும் மிச்சம்’ என்ற நிலையில் மாட்டுங்கள். காடியில் கிடக்கும் பழைய ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் லேத்தில் ஏற்றி முகம் எடுக்கவேண்டியிருக்கும். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் துண்டோ போதும்.

பட்டறையில் வேக்குவத்துக்கு ஏதாவது செய்து வாங்கினால் மூன்றைச் சொல்லி அனுப்புங்கள். வெல்டிங் உள்பக்கம் வரவேண்டும்; வெளியே மட்டும் வைத்தால் இடுக்கில் காற்றும் அழுக்கும் சிக்கி மாதக்கணக்கில் கசியும். மறுபக்கம் திறக்காத மரைத்துளையில் திருகு மாட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், அதனால் திருகின் நடுவே 1 மில்லிமீட்டர் துளை போடவேண்டும். சூடேறும் இடத்தில் பித்தளையோ துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டோ கூடாது, துத்தநாகம் ஆவியாகிப் படலத்தைக் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் 304 கேளுங்கள்.

உலையும் திரவ நைட்ரஜனும்

குழாய் உலைகளில் வெப்பநிலையை அளக்க, இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்த கே-வகை தெர்மோகப்பிள்தான் அதிகம். புதிதாக மாட்டும்போது முனைகளை மாற்றிவிட்டால், உலை சூடேற ஏறக் காட்டும் எண் இறங்கும்; கன்ட்ரோலர் ‘இன்னும் போதவில்லை’ என்று முழு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; முடிவில் சுருள் எரியும். வயர் நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்க முறையில் சிவப்பு மைனஸ், மற்ற முறைகளில் வேறு. ஒரு காந்தம் போதும்: லேசாக ஒட்டுகிற கம்பி அலுமெல், அது மைனஸ். ஒட்டாதது குரோமெல், பிளஸ். மாட்டியபின் முனையைத் தீக்குச்சியால் சூடாக்கி எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டே உலையைப் போடுங்கள்.

குவார்ட்ஸ் குழாயை வெறும் கையால் தொடக்கூடாது. வியர்வையில் உள்ள உப்பு, ஆயிரம் டிகிரிக்கு மேல் அந்த இடத்தில் கண்ணாடியைப் பளிங்காக்கி வெள்ளைத் திட்டாக்கும்; குளிரும்போது அங்கே விரிசல் விடும். நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றும் அவசரத்துக்கு ஒரு காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

திரவ நைட்ரஜன் கேனை ஊரில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருத்துவமனையில் புகை வரும் அதே கேன்தான். வெப்பநிலை 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி. தோலில் ஒரு துளி தெறித்தால் வழிந்து ஓடிவிடும். நனைந்த துணியில் தங்கினால்தான் சுடும். ஆகவே பருத்திக் கையுறை கூடாது, தளர்வான தோல் கையுறை போடுங்கள், பேன்ட்டை ஷூவுக்கு வெளியே விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறு. 1 லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 690 லிட்டர் வாயுவாகும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஏ.சி. அறையில் 10 லிட்டர் கொட்டினால் ஆக்ஸிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 15.6-க்கு இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. மூச்சு முட்டாது, எச்சரிக்கை தராது, மயக்கம் வரும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஊற்றவேண்டும்; லிஃப்ட்டில் கேனை மட்டும் அனுப்பி ஆள் படியேறவேண்டும். கேனின் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், அது குண்டாகும்.

வாயு சிலிண்டர்களில் ஒன்று மட்டும்: ஹைட்ரஜன் சிவப்பு, ரெகுலேட்டர் மரை இடப்புறம் திரும்பும். எதிலும் மரை ஏறவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் நிறத்தை மறுபடி பாருங்கள். சங்கிலி போடாத சிலிண்டர் இருக்கும் அறையில் வேலை செய்ய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

எக்ஸ்-ரே கருவி

பவுடர் எக்ஸ்.ஆர்.டி. (தூளின் படிக அமைப்பை எக்ஸ்-ரேயால் அளக்கும் கருவி) உள்ள துறையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு இருக்கவேண்டும், இயக்குபவருக்கு, உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் வேண்டும். பணியாளருக்கான வரம்பு ஐந்து வருட சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கதவு திறந்தால் எக்ஸ்-ரேயை நிறுத்தும் இன்டர்லாக்கை யாரும் ஏமாற்றாதவரை இந்தக் கருவியில் பேட்ஜ் கிட்டத்தட்ட பூஜ்யமாகவே வரும்.

தொழில் மரியாதை வேறொரு இடத்தில் இருக்கிறது. செப்பு இலக்கு உள்ள எக்ஸ்-ரே குழாயின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம், சிலிக்கான் தூளின் முதல் உச்சி 28.44 டிகிரியில் வரவேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டி, தேதியோடு கோப்பில் வையுங்கள். ஸ்காலர் மாதிரியைத் தட்டில் கொஞ்சம் உப்பலாக அமுக்கி வந்தால், 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோனியோமீட்டரில் (கோணம் அளக்கும் பகுதி) 0.1 மில்லிமீட்டர் உயரத்துக்கு உச்சி சுமார் 0.07 டிகிரி மேலே நகரும். ‘கலப்பால் படிக அமைப்பு சுருங்கியது’ என்று அந்த நகர்வை ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள். கண்ணாடித் தகட்டால் மட்டமாக வழித்து எடுத்துக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மாதிரியிலேயே கொஞ்சம் சிலிக்கானைக் கலந்து ஓட்டச் சொல்லுங்கள். ஒரு ஆய்வேட்டைக் காப்பாற்றியதாகும், அது வெளியே தெரியாவிட்டாலும்.

பழைய கம்ப்யூட்டர்

பல நல்ல கருவிகள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கிழட்டுக் கம்ப்யூட்டரால் உயிரோடு இருக்கின்றன. அதன் ஹார்ட் டிஸ்க் போனால், கருவி நன்றாக இருந்தும் பயன் இல்லை. அந்த மென்பொருளைத் தயாரித்தவரே இப்போது தருவதில்லை. சேர்ந்த முதல் மாதமே டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து, அதை மாட்டி ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பீரோவில் பூட்டுங்கள். ஓட்டிப் பார்க்காத குளோன் குளோனே இல்லை. இன்டர்நெட் வேண்டாம், பென் டிரைவ் ஒன்றே ஒன்றை ஒதுக்குங்கள். பைத்தானில் கருவியோடு பேசக் கற்றுக்கொண்டால் ஜிபிஐபி என்ற பழைய இணைப்பு முறையில் கம்ப்யூட்டரோடு சேரும் மீட்டர்களுக்கு மறுவாழ்வு கிடைக்கும். டிப்ளமோ படித்தவருக்கு ஆறு மாத மாலை நேரப் படிப்பு போதும். உதிரி எலெக்ட்ரானிக்ஸ் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காதது குறைவு. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.

எழுதி வைப்பதும் மேலே ஏறுவதும்

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கட்டு நோட்டு, பக்க எண் போட்டது. தேதி, யார் ஓட்டினார், தொடங்கிய நேரம், முடித்த நேரம், அன்றைய இறுதி அழுத்தம் அல்லது சில்லர் வெப்பநிலை, என்ன வித்தியாசம் தெரிந்தது. ஒரு வரி போதும், தினமும் வேண்டும். ‘சரி’ என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள். சென்ற மாதம் 20 நிமிடத்தில் இறங்கிய வேக்குவம் இந்த மாதம் 35 நிமிடம் எடுத்தால், எண்ணெய் கெட்டுவருகிறது என்று பம்ப் நிற்பதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.

உங்களுக்கென்று தனி நோட்டு ஒன்று வேறு. என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன், எந்த உதிரி, எவ்வளவு ரூபாய், கம்பெனிக்காரர் வந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும். வருட முடிவில் ஒரே பக்கத்தில் தொகுத்துத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொகுப்பூதியத்தைப் புதுப்பிக்கும்போதும், வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் ‘நன்றாக வேலை செய்வார்’ என்ற பொதுச் சான்றிதழைவிட இது பல மடங்கு பேசும்.

பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் கூட இருங்கள். ஏ.எம்.சி. என்றால் ஆள் வருகை மட்டும், உதிரிக்குத் தனியாகக் காசு, சி.எம்.சி. என்றால் உதிரியும் சேர்ந்தது, ஆனால் ‘நுகர்பொருள்’ என்ற பட்டியலில் ஃபிலமென்ட்டையும் எக்ஸ்-ரே குழாயையும் தள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும் ஆள் பெரும்பாலும் துறையில் இருக்கமாட்டார். நீங்கள் படியுங்கள். புதுக் கருவி வாங்கும்போது இயக்குபவருக்கு மூன்று நாள் பயிற்சி, சர்வீஸ் மேனுவல், ஒரு செட் உதிரி ஆகியவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்தபின் கேட்டால் எதுவும் வராது.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் என்பது கூச்சப்படும் விஷயமாக இருக்கிறது. மாதிரியை ஓட்டிக் கொடுத்தால் நன்றியுரையில் பெயர் வரவேண்டும். அளக்கும் முறையையே நீங்கள் அமைத்திருந்தால் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். அச்சுக்குப் போகும் முன்பே, வேலையைத் தொடங்கும் நாளிலேயே கேளுங்கள்: “சார், இதுல என் பேரு எங்க வரும்?” தொடக்கத்தில் கேட்டால் சாதாரணக் கேள்வி, கடைசியில் கேட்டால் சண்டை.

நிரந்தரமானவர்களுக்கு மாநில அரசு முறையில் 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை. மத்திய அரசில் பதவி உயர்வு வராவிட்டாலும் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதியப் படி ஏறும். இஸ்ரோவிலும் சி.எஸ்.ஐ.ஆர்.-இலும் மதிப்பீடு செய்து உயர்த்துகிறார்கள். அந்த மதிப்பீட்டில் கேட்கப்படுவது ‘இந்த வருடங்களில் நீங்கள் புதிதாக என்ன செய்தீர்கள்’ என்பதுதான். தனி நோட்டு இங்கே மறுபடி கைகொடுக்கும்.

தேர்வுக்குப் போகும்போது

இஸ்ரோவின் எழுத்துத் தேர்வில் 80 கேள்விகள், 90 நிமிடம் என்ற அமைப்பு வழக்கம். தரவரிசை எழுத்துத் தேர்வை வைத்துத்தான். ஸ்கில் டெஸ்ட்டில் தேறினால் போதும். சி.எஸ்.ஐ.ஆர்.-இலும் டிரேடு டெஸ்ட் அப்படியே. ஆனால் அந்தத் தேர்ச்சியிலேயே பலர் நிற்கிறார்கள். காரணம் அறிவுக் குறைவு இல்லை, கைநடுக்கம். வெர்னியரில் 0.02, ஸ்க்ரூ கேஜில் 0.01 மில்லிமீட்டர் படித்துப் பழகுங்கள். பூஜ்யப் பிழையைப் பார்க்காமல் படிக்க ஆரம்பித்தால் தேர்வாளர் அந்த நொடியே எழுதிவிடுவார். சால்டரிங்கில் பளபளவென்று கூம்பாக நிற்கும் இணைப்பு வரும்வரை பழைய போர்டுகளில் செய்யுங்கள். ஆஸிலோஸ்கோப் கொடுத்தால் ப்ரோபின் கவ்வி எர்த்தோடு இணைந்தது என்பதை மறக்காதீர்கள். 230 வோல்ட் லைனில் அதைக் கவ்வினால் ப்ரோபும் போகும், வாய்ப்பும் போகும்.

மேசைமேல் கருவியை வைத்து ‘இது ஓடவில்லை, பாருங்கள்’ என்பார்கள். அட்டையைக் கழற்றப் பாயாதீர்கள். பிளக், ஃபியூஸ், ஸ்விட்ச், இன்டர்லாக் என்ற வரிசையில், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். பழுது கிடைக்காவிட்டாலும் நீங்கள் தேடும் முறைக்கு மதிப்பெண் உண்டு. ஃபியூஸைக் கழற்றினால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லவேண்டாம். புறப்படும் முன் மேசையில் எடுத்த கருவிகளை எடுத்த இடத்தில் வையுங்கள். மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் விட்டுவிட்டு எழுந்தால் அடுத்து வருபவர் அதை வோல்ட் என்று நினைத்து வைப்பார்.